56 மொரிஸா, 57 மொரிஸா? ஒரு வாசகருக்குச் சட்டத்தரணியின் பதில்

மட்டக்களப்பு நகரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து அறுபதைத் தாண்டிய வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயர்களையும் நீக்கி, விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தகப்பனார் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் செய்த போடியார், அதாவது பெரிய நிலக்காரர். வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் 1000 நிற்கிறது. புதிதாக வாங்கியது, இன்றுவரை வேறு கைக்குப் போகாதது. தகப்பனார் 2011இல் காலமாகிவிட்டார், மரண சாசனம் எதுவும் எழுதவில்லை. வண்டி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தாயாருக்கு வயது 88. பிள்ளைகள் மூவர்: வாசகர், லண்டனில் தம்பி, கல்முனையில் கலியாணம் செய்த தங்கை.

தாயாருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. கலியாணம் முடிந்த கையோடு கணவர் தன்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனதும், ஒரு ஷோ ரூமில் துணி போர்த்தி வைத்திருந்த புதுக் காரைத் திரை விலக்கிக் காட்டியதும், 'இதே மாதிரி ஒன்று எடுப்பம்' என்று அவர் சொன்னதும் அப்படியே நினைவிருக்கிறதாம். 'அது 56. தேர்தல் வந்த வருஷம்' என்கிறார்.

அதை நம்பி வாசகர் விளம்பரம் போட்டார்: '1956 மொரிஸ் மைனர் 1000, முதல் வருட மாடல், ஒரே குடும்பம்.' கண்டியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து 22 லட்சம் ரூபாவுக்குப் பேசி, 3 லட்சத்தை வங்கி மூலம் அட்வான்ஸாக அனுப்பினார். பிறகு பதிவுப் புத்தகத்தின் பிரதியைக் கேட்டார். பழைய புத்தகம் 1978 சூறாவளியில் போனதால், இப்போது இருப்பது அதன் பின் எடுத்த இணைப்பிரதி. அதில் உற்பத்தி ஆண்டு 1957, முதல் பதிவு 1957 ஜூன் என்று இருக்கிறது. 'பொய் சொல்லி விற்கப் பார்த்தீர்கள். ஆறு லட்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் தாருங்கள், அதுவும் முடியாவிட்டால் பொலிஸ்' என்கிறார் வாங்குபவர்.

தம்பி லண்டனிலிருந்து, புத்தகத்தில் வருஷத்தை மாற்றித் தர ஆள் இருப்பதாகச் சொல்கிறார். தங்கை, 'தேசவழமைப்படி எனக்கும் பங்கு இருக்கிறது, என்னைக் கேட்காமல் எப்படி விற்பாய்' என்கிறார். வாசகரோ, 'எழுத்தில் ஒன்றும் இல்லையே, அட்வான்ஸை நான் வைத்துக்கொள்ளலாம்தானே? அம்மாவிடம் சத்தியக்கடதாசி எடுத்தால் 56 என்று நிரூபிக்கலாம்தானே?' என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

கடிதத்தில் கேள்விகள் நிறைய இருந்தாலும், சிக்கல் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு காருக்கு மூன்று வருஷங்கள் உண்டு. அந்த மாடல் உலகத்துக்கு அறிமுகமான வருஷம், உங்கள் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வருஷம், இலங்கையில் பதிவான வருஷம். அம்மா சொல்வது முதலாவதைப் பற்றி. புத்தகம் கடைசி இரண்டையும் சொல்கிறது. நீங்கள் விளம்பரத்தில் மூன்றையும் ஒரே எண்ணாக்கிவிட்டீர்கள்.

முதலில் காரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். சட்டம் அதற்குப் பிறகுதான் நிற்கும்.

மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது, ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள கௌலியில் உற்பத்தியானது. அப்போது முன் கண்ணாடி இரண்டு துண்டாக, நடுவில் ஒரு கம்பியோடு இருந்தது. 1952இல் ஒஸ்டின் கம்பனியோடு இணைந்த பிறகு 803 சிசி எஞ்சின் வந்தது. உங்களிடம் இருக்கும் 'மைனர் 1000', ஒரே துண்டாக வளைந்த முன் கண்ணாடி, பெரிய பின் கண்ணாடி, 948 சிசி எஞ்சினோடு அறிமுகமானது 1956 ஒக்டோபரில்.

இங்கேதான் அம்மாவின் கணக்கில் ஒரு முடிச்சு. 56 பொதுத் தேர்தல் நடந்தது ஏப்ரலில். அப்போது உலகத்தில் எங்கேயும் மைனர் 1000 விற்பனைக்கு வந்திருக்கவில்லை. தேர்தல் நேரத்தில் ஊருக்குள் ஓடிய மொரிஸ் இரண்டு துண்டுக் கண்ணாடிக்காரனாக இருந்திருக்க வேண்டும். ஷோ ரூமில் திரை விலக்கிக் காட்டிய கார் வேறு, தேர்தல் வருஷம் வேறு, வீட்டுக்கு வந்த கார் வேறு. மூன்றும் அறுபத்தொன்பது வருஷத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அம்மா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம், எப்போது பார்த்தார் என்பதுதான் நழுவுகிறது. அதைப் பிடிக்க ஒரு லேசான வழி இருக்கிறது. கலியாணம் முடிந்த கையோடு என்கிறாரே, கலியாணப் பதிவுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அந்தத் திகதி மட்டும் இல்லை.

அடுத்து, கார் எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று பாருங்கள். மைனர் 1000 அறிமுகமான கொஞ்ச நாளிலேயே சூயஸ் கால்வாய் அடைபட்டது. 1956 நவம்பர் தொடக்கத்திலிருந்து 1957 ஏப்ரல் வரை கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வந்தன. ஆகவே 56 கடைசியில் கௌலியிலிருந்து வெளியேறிய ஒரு வண்டி, 57 நடுவில் கொழும்பில் பதிவாவது நடக்கக்கூடியதுதான். அதேபோல 57 தொடக்கத்தில் செய்த வண்டியும் ஜூனில் பதிவாகியிருக்கலாம். புத்தகத்தில் உள்ள 1957 சரியாகவும் இருக்கலாம், பதிவு வருஷத்தையே உற்பத்தி வருஷமாக யாரோ எழுதியதாகவும் இருக்கலாம். இணைப்பிரதி எடுக்கும்போது இப்படி நடப்பது புதிதல்ல.

அம்மாவின் இன்னொரு நினைவு எனக்கு அதிகம் பிடித்தது. 57 டிசம்பர் வெள்ளத்தில் கார் முற்றத்தில் சில்லு மூழ்க நின்றதாகச் சொல்கிறார். அந்த வெள்ளம் மட்டக்களப்பில் யாருக்கும் மறக்காது. அது ஒரு உறுதியான எல்லை. அதற்கு முன் கார் வீட்டில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதுவும் ஜூன் பதிவோடு பொருந்துகிறதே தவிர, 56 என்று காட்டவில்லை.

வாங்குபவர், நம்பர் பிளேட்டில் '1 ஸ்ரீ' இருப்பதால் இது 58 கார் என்றும் ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறாராம். அது தவறு. ஐம்பதுகளின் பிற்பாதியில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. 58இல் வடக்கு கிழக்கெல்லாம் ஸ்ரீ எதிர்ப்பு நடந்தது, உங்கள் அப்பாவும் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு திரிந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதெல்லாம் பதிவைப் பற்றிய கதை. நம்பர் பிளேட் பதிவான காலத்தைச் சொல்லும், கார் எப்போது செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது.

தம்பியின் மஸ்டாங் வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 'அமெரிக்காவில் மஸ்டாங்கை அறுபத்துநாலரை மாடல் என்கிறார்கள், நாங்களும் ஐம்பத்தாறரை என்று போட்டால் என்ன' என்று கேட்டாராம். சிரிப்பு வந்தது, ஆனால் உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது. ஃபோர்ட் மஸ்டாங் 1964 ஏப்ரல் 17ஆம் திகதி நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. வழமையான வருஷாந்த அறிமுகக் காலத்துக்கு முன்பே வந்ததால், முதலில் செய்த வண்டிகளை ரசிகர்கள் '64½' என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஃபோர்ட் கம்பனியோ தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் 1965 மாடலாகத்தான் விற்றது. வண்டி எண்ணே 5 என்ற இலக்கத்தில்தான் தொடங்கும். அங்கே அறிந்தவர்கள் விளம்பரம் போடும்போது '64½' என்று எழுதினாலும் பத்திரத்தில் 65 என்று இருப்பதை மறைப்பதில்லை. உங்கள் விளம்பரத்தில் அந்த இரண்டாவது பாதி இல்லை.

ஊரில் அறிமுகமான வருஷத்தை வைத்தே வண்டியை '56 மொரிஸ்' என்று கூப்பிடும் வழக்கமும் உண்டு, கராஜ்களிலும் அப்படித்தான் பேசுவார்கள். பேச்சில் அது தப்பில்லை. காசு கைமாறும்போதுதான் வினை.

எழுத்தில் இல்லை என்பது உங்களைக் காப்பாற்றாது

'நான் ஒன்றும் எழுதித் தரவில்லை' என்பதை நீங்கள் மூன்று தரம் சொல்லியிருக்கிறீர்கள். அதில் அதிகம் சாயாதீர்கள். பொருள் விற்பனைக்கு இங்கே இன்னும் 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான். அதன்படி எழுத்து இல்லாவிட்டாலும், வாங்குபவர் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்கும். அவர் 3 லட்சம் அனுப்பினார். அனுப்பும்போது குறிப்பில் '1956 மொரிஸ் அட்வான்ஸ்' என்று எழுதியிருக்கிறார், நீங்கள் அதை மறுக்கவில்லை. உங்கள் விளம்பரமும் அவர் போனில் இருக்கும். இதைவிட வேறு எழுத்து எதற்கு?

அதே சட்டம், விவரம் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது. சாதாரணமாக ஓடுவதற்கு வாங்கும் காரில் ஒரு வருஷம் முன்பின் பெரிதாகத் தெரியாது. பழைய கார் சேகரிப்பவருக்கு 'முதல் வருட மாடல்' என்ற சொல்தான் பொருள். அதற்குத்தான் அவர் 22 லட்சம் பேசினார். நீங்கள் உண்மை என்று நம்பிச் சொல்லியிருந்தாலும், நீங்கள் சொன்ன அந்த விவரம் ஆதாரமில்லாமல் போனால் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

ஆகவே அட்வான்ஸ் உங்களுடையது அல்ல. அவர் காரணமில்லாமல் பின்வாங்கியிருந்தால் கதை வேறு. இங்கே காரணம் உங்கள் விளம்பரத்திலேயே இருக்கிறது.

அதற்காக இரட்டிப்பாகக் கொடுக்கவும் வேண்டியதில்லை. நிலம் வீடு விற்பனையில் சில ஒப்பந்தங்களில் அப்படி எழுதுவார்கள், அதைப் பார்த்து எல்லாருக்கும் அது சட்டம் என்ற எண்ணம். நீங்கள் அப்படி ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம். ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது, அவருக்கு உண்மையாக ஏற்பட்ட செலவு ஏதும் இருந்தால், உதாரணமாக வண்டியைப் பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்த செலவு, அதைப் பேசித் தீர்ப்பது, அவ்வளவுதான் நியாயம்.

பொலிஸ் என்ற பயம்

மோசடி என்றால் ஏமாற்றும் நோக்கம் இருக்க வேண்டும். அம்மா சொன்னதை நம்பி எழுதியது தவறான விவரமாக இருக்கலாம், அதனால் மட்டும் குற்றமாகிவிடாது. நீங்கள் புத்தகத்தை ஒளிக்கவும் இல்லை, கேட்டவுடன் பிரதி அனுப்பினீர்கள். அது உங்கள் பக்கம் பெரிய பலம். முறைப்பாடு வந்து உங்களைக் கூப்பிட்டால் போங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்படுவது உங்கள் உரிமை, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர ஆயத்தம் என்று நீங்கள் ஏற்கனவே எழுத்தில் சொல்லியிருந்தால் அங்கே பேசுவதற்கு அதிகம் மிஞ்சாது.

ஆனால் இன்றைக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. 56 என்பது சந்தேகம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். இனி வேறொருவரிடம் அதே விளம்பரத்தைக் காட்டி விற்றால், நம்பிச் சொன்னேன் என்ற வாதம் உங்களுக்குக் கிடையாது. விளம்பரம் இன்னும் எங்காவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

புத்தகத்தை 'மாற்றித் தரும்' ஆள்

இதில் மட்டும் நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. தம்பி சொல்லும் அந்த ஆள் இரண்டு வேலை செய்வார்: புத்தகத்தில் ஒரு எண்ணைத் திருத்துவார், பொனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின் சுவரில் இருக்கும் தகட்டைக் கழற்றிப் புதிதாக ஒன்று அடித்துப் பூட்டுவார். முதலாவது போலி ஆவணம். இரண்டாவது வண்டியின் அடையாளத்தையே அழிப்பது. வழக்கு என்று வந்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள், லண்டனில் இருக்கும் தம்பி அல்ல.

சட்டத்தை விட்டாலும், கார் விஷயமாகவே இது முட்டாள்தனம். மைனரின் தகட்டில் உள்ள எழுத்துகளும் எண்களும் வெறும் வரிசை அல்ல. எந்த மாடல், எத்தனை கதவு, எந்தச் சந்தைக்குப் போன வண்டி என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய கார் சேகரிப்பவர்கள் அதை நாங்கள் பதிவுப் புத்தகம் வாசிப்பதைவிட நன்றாக வாசிப்பார்கள். புதிதாக அடித்த தகடு ஒன்றைக் கண்டால், 22 லட்சத்துக்குப் பேசிய வண்டிக்குப் பழைய இரும்பு விலைதான் கேட்பார்கள்.

நேர்மையான வழி இருக்கிறது. இங்கிலாந்தில் வாரிக்ஷயரிலுள்ள கெய்டன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. மொரிஸ் உட்பட பழைய பிரிட்டிஷ் கார்களின் தொழிற்சாலைப் பதிவேடுகள் அவர்களிடம் இருக்கின்றன. தகட்டில் உள்ள சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பதிவு இருக்கும் வண்டிகளுக்கு எந்தத் திகதியில் செய்யப்பட்டது, எந்த நிறம், எந்த எஞ்சின் எண், எங்கே அனுப்பப்பட்டது என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். தம்பிக்கு லண்டனிலிருந்து செய்ய ஒரு நல்ல வேலை வேண்டுமென்றால் இதைச் செய்யட்டும். சேசிஸ் எண்ணை நீங்கள் போனில் படமெடுத்து அனுப்பினால் போதும். எழுத்துத் தேய்ந்திருந்தால் மேலே கடதாசி வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதி எடுங்கள், கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். கடற்காற்று ஏற்கனவே தின்றது போதும்.

இங்கேயும் ஒரு கதவு இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதல் பதிவின்போது கொடுத்த விண்ணப்பத்தின் கோப்பு மிஞ்சியிருந்தால், இணைப்பிரதியில் உள்ள 57 அங்கிருந்துதான் வந்ததா என்று தெரியும். பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். இழுத்தடித்தால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். இரண்டு ஆதாரமும் 56 என்று சொன்னால், திணைக்களத்திடமே முறைப்படி திருத்தம் கேட்கலாம். அது சட்டப்படியான திருத்தம். 57 என்று சொன்னால் அதோடு விஷயம் முடிந்தது.

காரிலேயே சில அறிகுறிகளும் உண்டு. உதாரணமாக, மைனர் 1000 வந்தபோது பெற்றோல் டாங்கி ஐந்து கலன்தான், 57இல்தான் ஆறரைக் கலனாகப் பெரிதாக்கினார்கள். உங்கள் வண்டியில் சின்ன டாங்கி இருந்தால் நல்ல சகுனம். ஆனால் எழுபது வருஷம் ஓடிய வண்டியில் டாங்கி, எஞ்சின், கதவு எல்லாம் மாறியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து யாரிடமும் வாதாடப் போகாதீர்கள்.

அம்மாவின் சத்தியக்கடதாசி

எடுங்கள். நான் எடுக்கச் சொல்லும் காரணம்தான் வேறு. தான் கண்ணால் கண்டதற்கு அவர் சாட்சி: கொழும்புக்குப் போனது, கார் வீட்டுக்கு வந்தது, வெள்ளத்தில் நின்றது, வேறு யாருக்கும் விற்கப்படாதது. கௌலியில் எந்த மாதம் அந்த வண்டி செய்யப்பட்டது என்பதை அவர் காணவில்லை. அதைச் சத்தியக்கடதாசியில் எழுதினால், குறுக்கு விசாரணையில் 'அம்மா, தேர்தல் ஏப்ரலில், கார் வந்தது ஒக்டோபருக்குப் பிறகு, எப்படி?' என்று ஒரே கேள்வியில் அவரைத் தடுமாற வைப்பார்கள். 88 வயதில் அவருக்கு அது தேவையா?

எனவே வருஷம் எதுவும் போடாமல், கண்டதை மட்டும், அவர் பேசுகிற மாதிரியே எழுதி, சமாதான நீதவான் ஒருவரை வீட்டுக்கு அழைத்து ஒப்பமிட வையுங்கள். ஒரே குடும்பத்து வண்டி என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. சேகரிப்பவர்கள் அதற்கும் விலை கொடுப்பார்கள். சில வேளை ஒரு வருஷ வித்தியாசத்தைவிட அதிகமாகவே.

வண்டி யாருடையது?

உண்மையில் கடிதத்தில் இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு பந்தியில் முடித்துவிட்டீர்கள்.

தங்கை தேசவழமை என்கிறார். அது வட மாகாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டம். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கு அது பொருந்தாது. இங்கே முன்பு முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது, அதுவும் நீங்கி நீண்ட காலம். உங்களுக்கு இருப்பது பொதுச் சட்டம், 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி சாசனமில்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது காரில் அம்மாவுக்குப் பாதி, உங்கள் மூவருக்கும் ஆறிலொன்று வீதம். சட்டத்தின் பெயரைத் தங்கை பிழையாகச் சொன்னாலும் அவருடைய பங்கு பிழையில்லை.

'பதினாலு வருஷமாக நான்தானே எண்ணெய் விட்டு, துடைத்து, வரி கட்டிக் காப்பாற்றினேன்' என்கிறீர்கள். உண்மை. அந்தச் செலவை விற்ற காசிலிருந்து முதலில் கழித்துத் தரும்படி கேட்கலாம், சகோதரங்கள் மறுப்பார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் பராமரித்ததால் உரிமை மாறாது. புத்தகத்தில் அப்பாவின் பெயர் இருக்கிற வரையில் உங்கள் பெயரில் மாற்றவோ விற்கவோ உங்கள் ஒருவர் கையெழுத்து போதாது.

இதன் விளைவு என்ன தெரியுமா? கண்டிக்காரரோடு வருஷப் பிரச்சினை ஒன்றுமே வராமல் இருந்திருந்தாலும், அந்தக் காரை அவருக்குச் சட்டப்படி மாற்றிக் கொடுக்க உங்களால் முடிந்திராது. மற்றவர்களின் பங்கையும் சேர்த்து விற்பதாகப் பேசினீர்கள். தர முடியாமல் போனால் அதன் நட்டம் உங்கள் தலையில்தான். அவருக்கு இது இன்னும் தெரியாது போலிருக்கிறது. தெரியும் முன்பு கணக்கைத் தீர்ப்பது உங்களுக்கு நல்லது.

அப்பாவின் மற்றச் சொத்துகளோடு சேர்த்து மொத்தப் பெறுமதி சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரண சாசன வழக்கு (சாசனம் இல்லாவிட்டாலும் பெயர் அதுதான்) நடத்தி, சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகக் கடிதம் எடுக்க வேண்டும். போடியார் என்கிறீர்கள், வயலும் வளவும் இருக்கும், ஆகவே தாண்டும் என்றே நினைக்கிறேன். காருக்காக மட்டும் இதைச் செய்வதைவிட, அப்பாவின் காணிக்கும் சேர்த்து ஒரே வழக்கில் முடிப்பது செலவு குறைவு. தம்பி லண்டனிலிருக்கும் இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் அற்றோர்ணித் தத்துவம் ஒன்றை எழுதி அனுப்பினால் அவர் வர வேண்டியதில்லை.

கண்டிக்காரருக்கு என்ன எழுதுவது?

மூன்று வழிகள் தெரிகின்றன. ஆறு லட்சம் குறைத்து விற்பது: வாரிசுகள் எல்லாரும் சம்மதிக்கும் வரை அது உங்கள் கையில் இல்லை, சம்மதித்தாலும் இப்போதே விலையைக் குறைப்பது அவசரம். காரணம், கெய்டன் பதிவு 56 என்று வந்தால் குறைத்தது வீணாகிவிடும். காத்திருக்கச் சொல்வது: அவர் சம்மதித்தால் பரவாயில்லை, ஆனால் அவருடைய 3 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வது அழகில்லை. மூன்றாவது, காசைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, ஆவணங்கள் வந்த பிறகு விருப்பமென்றால் முதலில் அவரிடமே கேட்பதாகச் சொல்வது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றாவதைத்தான் செய்வேன்.

எழுதும் கடிதம் ஒரு பக்கம் போதும். 'விளம்பரத்தில் 1956 என்று குறிப்பிட்டது குடும்பத்தவர் சொன்னதை நம்பி. பதிவுப் புத்தகத்தில் 1957 என்று இருப்பதால், நீங்கள் விரும்பினால் முற்பணம் மூன்று லட்சம் ரூபாவையும் திருப்பித் தந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நீங்கள் எழுத்தில் தர வேண்டும்.' பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காசை அவருடைய அதே வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், கையில் கொடுக்காதீர்கள். அந்தக் காசில் கொஞ்சம் வீட்டுக் கூரைக்குச் செலவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தவணையில் தர அவர் ஒத்துக்கொண்டால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் இரட்டிப்பு என்றே நின்றால், மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டம் வைத்திருக்கும் தொகை வரம்புக்குள் வரும் இப்படியான பிணக்குகள் வழக்குக்கு முன் அங்கே போக வேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, பேசித் தீர்த்து வைப்பார்கள்.

அடுத்த முறை விளம்பரம் போடும்போது இப்படிப் போடலாம்: 'மொரிஸ் மைனர் 1000. முதல் பதிவு 1957 ஜூன். பதிவுப் புத்தகத்தின்படி உற்பத்தி ஆண்டு 1957. தொடக்கத்திலிருந்து ஒரே குடும்பம்.' சான்றிதழ் கிடைத்தால் அதன் பிரதியையும் சேருங்கள். கவர்ச்சி குறைந்த மாதிரித் தெரியும். ஆனால் இந்த வண்டியைத் தேடுபவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள்.

வரிசை மட்டும் மாற வேண்டாம். முதலில் கண்டிக்காரருக்குக் கடிதம். அந்தக் கிழமையிலேயே கல்முனைக்குப் போய்த் தங்கையோடு நேரில் பேசுங்கள், போனில் வேண்டாம். அவர் கையெழுத்து வராமல் கெய்டனுக்குக் கட்டணம் கட்டி 56 என்று சான்றிதழ் எடுத்தாலும் காரை முற்றத்திலிருந்து நகர்த்த முடியாது. அம்மாவையும் கேளுங்கள். பாதி அவருடையது, விற்க அவருக்கு விருப்பமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை.